ஏழு விளைச்சல் பெட்டி: தேன் பாட்டிலில்தான் வந்தது வினை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் வாங்கிய இந்தப் பரிசுப் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் அத்திப்பழத்துக்கும் ஆலிவ் காய்க்கும். பெட்டி, ரிப்பன், மூடியில் அடித்திருந்த தங்க எழுத்து, உள்ளே வைத்திருந்த வழவழப்பான அட்டை, இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. கொடுத்த 2,150 ரூபாயில் பாதி அதற்குத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் சமையல் பார்க்கிறேன். வீட்டுக்கார ஆச்சி இரண்டாங்கட்டில் இருக்கிறார், முன்னால் உள்ள அறைகளில் வெளியூர் ஆட்கள் வந்து தங்குவார்கள். போன ஜனவரியில் இஸ்ரேலிலிருந்து ஒரு யூதத் தம்பதி, கொச்சி பார்த்துவிட்டு இங்கே வருவதாகத் தகவல் வந்தது. அந்த அம்மாவைப் பெற்றவர் கொச்சியில் பிறந்தவராம், 1954இல் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போனவராம். அதனால் இவருக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும், எனக்கு அது பெரிய நிம்மதி. பிப்ரவரி 1 சாயங்காலம் எங்களுக்கு ஒரு பண்டிகை, தட்டில் வைக்கக் கொஞ்சம் பழமும் தானியமும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். பண்டிகையின் பெயர் து பிஷ்வாத். ஷ்வாத் அவர்களுடைய மாதம், து என்பது 15. நம் பழைய கணக்கு நோட்டில் க, உ, ங என்று போடுகிற மாதிரி அவர்களும் எழுத்தாலேயே எண் எழுதுவார்கள். பதினைந்தாம் நாள் என்றால் பௌர்ணமி. இந்த வருஷம் அதே நாள்தான் தைப்பூசமும்.

ஆச்சியின் மகன் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்து போயிருந்தார். வீட்டில் ஆள் இல்லை, காரைக்குடிக்குப் போய் அலைய நேரமும் இல்லை. சரி, ஆன்லைனில் பார்ப்போம் என்று தேடினால், 'வேதாகமத்தின் ஏழு விளைச்சல்கள், பரிசுப் பெட்டி' என்று ஒன்று வந்தது. எங்களோடு அடுப்படியில் நிற்கும் அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். படத்தைப் பார்த்ததும் பைபிளில் உபாகமம் எட்டாம் அதிகாரம் எட்டாம் வசனம் என்று சொல்லி ஏழையும் விரல் விட்டு எண்ணினார்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். வாற்கோதுமை என்றால் நம் பார்லி. சரியாகத்தானே இருக்கிறது என்று ஆர்டர் போட்டேன். நான்கு நாள் என்றார்கள், ஆறாம் நாள் வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, தேன் மூடி லேசாகக் கசிந்து, கோதுமைப் பொட்டலத்தின் மேல் பிசுபிசுவென்று. இது கூரியர்காரர் குற்றமாக இருக்கலாம், இதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

குறைத்தது தேனுக்காக. கசிந்ததற்காக அல்ல, அது தேனாக இருந்ததற்காக.

அன்றைக்கு மத்தியானமே அந்த அம்மா அடுப்படிக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். தேன் பாட்டிலைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் இருந்த தேனீ படத்தைப் பார்த்துச் சிரித்தார். "மோளே, இது தேனீச்சயோட தேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தேன் என்றால் தேனீயுடையது இல்லாமல் வேறு யாருடையது? அப்புறம்தான் விளக்கினார். அந்த வசனம் மண்ணில் விளைவதைப் பற்றிச் சொல்கிறது, அதில் தேன் என்று வருவதை அவர்கள் பெரியவர்கள் வழிவழியாகப் பேரீச்சம்பழத் தேன் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக ஏழாவது விளைச்சல் பேரீச்சை. பழமாகவும் சாப்பிடலாம், காய்ச்சிப் பாகாக்கியும் சாப்பிடலாம், அந்தப் பாகுக்கு அங்கே சிலான் என்று பெயர். அவர் வீட்டுக்காரர் கொஞ்சம் வம்புக்காரர், அங்கேயும் தேனீ வளர்த்தார்கள்தான் என்று குறுக்கே வந்தார். தெல் ரெகோவ் என்ற இடத்தில் 2007இல் தோண்டியபோது ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய மண் தேன்கூடுகள் வரிசை வரிசையாகக் கிடைத்தனவாம், முப்பது உருப்படியாகவே இருந்தனவாம். அந்த அம்மா அதை மறுக்கவில்லை. "தேனீத் தேன் வேறு நாளைக்கு, வருஷப் பிறப்புக்கு ஆப்பிளைத் தொட்டுச் சாப்பிட. இன்றைக்குப் பேரீச்சைதான்" என்று முடித்துவிட்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், வசனத்துல தேன்னுதானே இருக்கு?" என்றார். இருக்கிறது தம்பி, ஆனால் ஒரு மதத்தின் பெயரைப் போட்டு 2,150 ரூபாய்க்கு விற்கும்போது அந்த மதக்காரர் ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா? ஏழு என்று எழுதி ஆறைக் கொடுத்துவிட்டீர்கள் என்று சொன்னேன். மெயில் போடச் சொன்னார்.

மெயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையனை அனுப்பிக் காரைக்குடியில் ஒரு கிலோ பேரீச்சை வாங்கி வரச் சொன்னேன். கொட்டை எடுத்து, முங்குகிற அளவு தண்ணீர் ஊற்றி, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்தேன். பழம் கரைந்து கூழானதும் துவைத்த வேட்டித் துணியில் கொட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நானும் அக்காவும் முறுக்கிப் பிழிந்தோம். கீழே இறங்கிய சாறு முதலில் கலங்கலாக, டீத்தண்ணி மாதிரி இருந்தது. மறுபடி அடுப்பில் ஏற்றிக் கிண்டக் கிண்டக் கறுத்து, நுரை பெரிது பெரிதாக வந்து, கரண்டியைத் தூக்கினால் கம்பியாக இறங்கியது. கருப்பட்டிப் பாகுக்கும் இதற்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை, வாசனைதான் வேறு. ஒரு கிலோவுக்கு இரண்டு டம்ளர் கூடத் தேறவில்லை. இந்தக் கம்பெனி ஏன் தேனீத் தேனைப் போட்டது என்று அப்போது புரிந்தது.

மிச்சப் பொருட்களுக்கு வருகிறேன்.

கோதுமை நல்ல கோதுமைதான், பிசுபிசுப்பைத் துடைத்துவிட்டால். ஆனால் கால் கிலோ கோதுமையைப் பெட்டியில் வைத்து விற்பதை ஆச்சியிடம் சொன்னால் அவர் என்னைத்தான் திட்டுவார். பார்லியில்தான் ஏமாற்று. அட்டையில் 'இந்தத் தானியங்களை முளைக்க வைத்து அழகு பார்க்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். பெட்டி வந்த அன்றே, முளைப்பாரிக்குக் கட்டுகிற மாதிரி ஈரத்துணியில் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி வைத்தேன். கோதுமை மூன்றாம் நாள் வெள்ளை வால் விட்டது. பார்லி புளித்து நாறியது, ஒரு மணி கூட முளைக்கவில்லை. எப்படி முளைக்கும்? அது மேல்தோல் தேய்த்து உருட்டிய முத்து பார்லி, கால் வீக்கத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே அதே ரகம், முளை வரும் முனையே தேய்ந்து போயிருக்கும். பெட்டியில் எழுதுகிறவர் ஒரு தடவை ஊறவைத்துப் பார்த்திருக்கலாம்.

இந்த இரண்டு தானியத்துக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்துப் போனது. அங்கே பார்லி முதலில் அறுவடைக்கு வரும், கோதுமை பின்னால். அவர்களுடைய பஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாள் புது பார்லியில் ஒரு அளவு எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோவார்களாம். அன்றிலிருந்து 49 நாள் எண்ணி, ஐம்பதாம் நாள் புதுக் கோதுமையில் சுட்ட இரண்டு அப்பம். ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் இடித்துவிட்டார்கள், கொண்டுபோக இடம் இல்லை. ஆனாலும் எண்ணுவதை நிறுத்தவில்லை, இன்றைக்கும் அந்த 49 ராத்திரியும் இன்று இத்தனையாவது நாள் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். அந்த அம்மா இதைச் சொல்லும்போது பார்லி மணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

திராட்சை என்று வந்தது காய்ந்த கறுப்பு திராட்சை, சுமார் ரகம், காம்பு நிறைய. அவர்களுக்கு ஒயின் வேண்டும், அது அவர்கள் முறைப்படி செய்ததாக இருக்க வேண்டும், அதனால் வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நான்கு கிண்ணம், முதலாவது முழு வெள்ளை, பிறகு சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நான்காவது முழுச் சிவப்பு. குளிர்காலம் போய்ப் பூ வருகிற நிறமாம்.

மாதுளைக்குப் பதில் போட்டிருந்தது அனார்தானா. வடக்கே சட்னிக்கும் சன்னாவுக்கும் போடுகிற காய்ந்த புளிப்பு முத்து, கடித்தால் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைப் பண்டிகைத் தட்டில் எப்படி வைப்பது? தெருமுனை வண்டிக்காரரிடம் நல்ல மாதுளையே வாங்கிவிட்டேன். ஒரு மாதுளையில் 613 முத்து இருக்கும் என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு, வேதத்தில் உள்ள கட்டளைகளும் 613 என்பதால். இதை ஆச்சியின் பேரன் காதில் போட்டதுதான் தப்பு, வளவில் தாம்பாளத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். முதல் பழத்தில் 388, இரண்டாவதில் 541. மூன்றாவதை நான் பிடுங்கி வைத்தேன். தலைமைக் குருவின் அங்கியின் கீழ் ஓரத்தில் நூலால் செய்த மாதுளையும் பொன் மணியும் மாறி மாறித் தொங்கும் என்றும், சாலொமோன் கட்டிய ஆலயத்தின் இரண்டு வெண்கலத் தூண்களின் தலைப்பில் நானூறு மாதுளை வார்த்திருந்தார்கள் என்றும் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் முகப்புத் தூணை அண்ணாந்து பார்த்தார். அதில் கிளியும் பூவும்தான் இருக்கின்றன.

அத்திப்பழம் அருமை. இது நம் ஆற்றங்கரை நாட்டு அத்தி இல்லை, சீமை அத்தி, சணல் கயிற்றில் மாலையாகக் கோத்து வருமே அது. பெரிது, மெத்தென்று இருந்தது, பூச்சி வாடை இல்லை. அந்த அம்மா ஒவ்வொன்றையும் காம்பைக் கிள்ளி, இரண்டாகப் பிளந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத்தான் தட்டில் வைத்தார். புழுவோ பூச்சியோ தெரியாமல் கூட வாய்க்குள் போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். பதினாறு பழத்தில் ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. நான் போட்ட ஒரு நட்சத்திரம் அதற்கு.

அத்தியை வைத்து ஒரு பழைய வழக்கம் சொன்னார். விவசாயி தோட்டத்துக்குப் போகிறான், மரத்தில் முதலாவதாகப் பழுக்கத் தொடங்கிய அத்தியைப் பார்க்கிறான், உடனே ஒரு கோரைப்புல்லை எடுத்து அதில் கட்டி, இது முதற்பலன் என்று சொல்லிவிடுகிறான். பழுத்ததும் கூடையில் வைத்து ஊரோடு சேர்ந்து எருசலேமுக்கு நடக்கிறார்கள். முன்னால் ஒரு காளை, அதன் கொம்புக்குப் பொன் பூச்சு, தலையில் ஒலிவ இலை மாலை, வழி நெடுக குழல் சத்தம். பணக்காரன் வெள்ளியிலும் பொன்னிலும் கூடை கொண்டுவருவான், ஏழை மிலாறு உரித்துப் பின்னிய கூடை. இந்த ஏழு விளைச்சலிலிருந்து மட்டும்தான் முதற்பலன் எடுத்துப் போகலாம், வேறு எந்தக் காய்கனியும் செல்லாது. நான் இதை அரைகுறையாகத் தமிழில் சொல்ல, ஆச்சி பாதியிலேயே "நம்ம காவடிதான்" என்று முடிவு கட்டிவிட்டார். மகன் அந்நேரம் பழனியில் இருந்தார், ஆச்சிக்கு எல்லாமே காவடியாகத்தான் தெரிந்திருக்கும்.

இன்னொரு நட்சத்திரம் ஆலிவுக்கு. உப்புத் தண்ணீரில் போட்ட பச்சைக் காய், கொட்டையோடு. மரத்திலிருந்து பறித்த ஆலிவைச் சும்மா தின்ன முடியாது, அப்படிக் கசக்கும், உப்பில் வாரக்கணக்கில் ஊறினால்தான் இறங்கும். இது சரியாக ஊறியிருந்தது, கடித்தால் விண்ணென்று இருந்தது, வினிகர் நெடி இல்லை. ஆச்சி ஒன்றைக் கடித்துவிட்டு "மாவடுவுக்குப் பங்காளி, ஆனா கோவக்கார பங்காளி" என்றார். அவர்கள் சட்டத்தில் ஒருவர் 'சாப்பிட்டார்' என்று கணக்கில் சேர்வதற்குக் குறைந்தபட்ச அளவே ஒரு ஆலிவ் அளவுதானாம், அப்பமானாலும் வேறெதுவானாலும். நாம் புளிக்கு நெல்லிக்காய் அளவு என்று சொல்கிற மாதிரி.

சாயங்காலம் வளவில் கோலம் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல்லில் பாய் விரித்துத் தட்டை வைத்தோம். நான் அழகுக்காக மாதுளையை நடுவில் வைத்துச் சுற்றிலும் அடுக்கியிருந்தேன். அந்த அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் இடம் மாற்றினார். எது முதலில் என்பதற்கு விதி இருக்கிறது. வசனத்தில் 'தேசம்' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது, அந்தச் சொல்லுக்கு எது கிட்டே நிற்கிறதோ அதற்கு முதல் மரியாதை. அதன்படி கோதுமை ரொட்டி, பார்லி, அப்புறம் ஆலிவ், பேரீச்சை, திராட்சை, அத்தி, கடைசியில்தான் மாதுளை. கோயில் மரியாதையில் யாருக்கு முதல் விபூதி என்று சண்டை பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது சட்டென்று புரிந்தது. பெட்டியில் வந்த அட்டையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, 'ஆரோக்கியம், செழிப்பு, சமாதானம்' என்று எதற்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மூன்று சொல்தான்.

து பிஷ்வாத் மரங்களுக்குப் புத்தாண்டு என்று அட்டையில் சரியாகவே போட்டிருந்தார்கள், ஏன் என்று போடவில்லை. அது கணக்கு முடிக்கிற நாள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், எந்தப் பழம் எந்த வருஷக் கணக்கு என்று தெரிய ஒரு தேதி வேண்டும். அந்தக் காலத்து இரண்டு குருமாரில் ஷம்மாய் வழியினர் ஷ்வாத் முதல் தேதி என்றார்கள், ஹில்லேல் வழியினர் பதினைந்து என்றார்கள், பதினைந்து நின்றுவிட்டது. நட்ட மரத்தின் முதல் மூன்று வருஷக் காயைத் தொடக் கூடாது என்ற சட்டத்தின் கணக்கிலும் இந்த நாளுக்கு வேலை உண்டு. "ஏத்தா, மரத்துக்குமா பேரேடு போடுறாக?" என்றார் ஆச்சி. பர்மா லேவாதேவி நோட்டெல்லாம் இன்னும் மாடிப் பெட்டியில் வைத்திருக்கிற வீடு இது, அவர் குரலில் மரியாதை கூடிவிட்டது.

பேரீச்சைக்கு அவர்கள் மொழியில் தாமார். முடிந்து போகட்டும் என்ற சொல்லும் கிட்டத்தட்ட அதே ஓசையில் வருவதால், வருஷப் பிறப்பு ராத்திரி பேரீச்சையைத் தின்று, எங்களுக்குக் கெடுதல் நினைப்பவர்கள் முடிந்து போகட்டும் என்பார்களாம். ஆச்சி பதிலுக்கு, நாங்கள் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை, லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவோம் என்றார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப் போனேன்.

நான் காய்ச்சிய பாகை வெள்ளைப் பணியாரத்தின் மேல் ஊற்றினேன். பணியாரத்துக்குக் காரச் சட்னிதான் என்பது என் கட்சி, அன்றைக்கு மட்டும் கட்சி மாறினேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, மேலே இந்தக் கறுப்புப் பாகு. வம்புக்கார வீட்டுக்காரர் ஒன்பது சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே ஒரு பேரீச்சை மரத்தின் கதையைச் சொன்னார். சாக்கடல் பக்கம் மசாதா கோட்டையில் 1960களில் தோண்டி எடுத்த பேரீச்சங்கொட்டைகள், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துப் பழசு, டப்பாவிலேயே கிடந்தன. 2005இல் மூன்று விதையை நட்டுப் பார்த்தார்கள், ஒன்று முளைத்துவிட்டது. மெத்தூசலா என்று பேர் வைத்தார்கள். வளர்ந்த பிறகு பார்த்தால் ஆண் மரம், காய்க்காது. அப்புறம் வேறு பழைய விதைகளையும் நட்டு, ஹன்னா என்று ஒரு பெண் மரம் கிடைத்து, அதற்கு மெத்தூசலாவின் மகரந்தத்தைப் போட்டு, 2020இல் 111 பழம் பறித்தார்கள். இதைக் கேட்டதும் பேரன் போய் நான் குப்பையில் போட்ட கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. பெட்டியே வேண்டாம். கோதுமை, பார்லி, திராட்சை, மாதுளை, பேரீச்சை எல்லாம் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிடைக்கும். அத்தி மாலையும் ஆலிவ் பாட்டிலும் காரைக்குடி மாதிரி ஊர்களில் பெரிய மளிகைக்கடையில் இருக்கும். மறுநாள் விலை விசாரித்தேன், ஏழுக்கும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டவில்லை, பேரீச்சை ஒரு கிலோவே வைத்து. பரிசாகக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு ஓலைக் கொட்டானில் அடுக்கிக் கொடுங்கள், எங்கள் பக்கம் நல்ல கொட்டான் பின்னுகிறார்கள், இந்த அட்டைப் பெட்டியை விட ஆயிரம் மடங்கு லட்சணம்.

மெயிலுக்கு ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. தேன் 'வாடிக்கையாளர் எதிர்பார்ப்புக்கு ஏற்ப இல்லாததால்' 180 ரூபாய் திருப்பித் தருகிறார்களாம், பார்லியைப் பற்றியும் மாதுளையைப் பற்றியும் பேச்சில்லை. பணம் வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தேனை இஞ்சிச் சாறுக்குப் பயன்படுத்துகிறோம். பார்லியை ஆச்சி கஞ்சியாகக் குடித்துத் தீர்த்துவிட்டார். ஆலிவ் பாட்டில் மட்டும் இன்னும் பாதி இருக்கிறது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆச்சி ஒன்றே ஒன்று எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்கிறார்.